ஆமையின் வில்லை

முகாம், மூன்றாம் நாள்
மே 6, செவ்வாய்

அன்புள்ள மாமா,

முதலில் தலைப்புச் செய்தி. உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள், வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாள், பல்கூடத் தேய்க்கிறாள். அவளையே எழுதச் சொன்னேன். "நாளைக்கு எழுதறேன்டி" என்றாள். அவளுடைய நாளைக்கு எப்போது வரும் என்று பெற்றவருக்குத் தெரியாதா! அதனால் எதிர் வீட்டுக்காரி, அணித் தலைவி என்கிற முறையில் நானே எழுதுகிறேன்.

மாமா, பன்னிரண்டாயிரம் பேர்! எங்கள் பள்ளி மைதானத்தில் இருபத்திரண்டு பேரோடு சாரணியர் வகுப்பு நடத்தியவளைக் கொண்டுவந்து இதற்குள் விட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை கூடாரம். காலையில் ஒரே ஒரு விசில். அத்தனை பேரும் எழுந்து நிற்கிறோம். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கழிப்பறை வரிசையில் நிற்கும்போதும் தொண்டை அடைக்கிறது, அது வேறு காரணம்.

எங்கள் எட்டுப் பேர் அணி வாசல் கட்டியது. ஓர் ஆணி கிடையாது. மூங்கிலும் கயிறும் முடிச்சும் மட்டும். மேற்பார்வைக்கு வந்தவர் பிடித்து உலுக்கிப் பார்த்தார், அசையவில்லை. மேல் முடிச்சு எல்லாம் நம் ஆமை (உங்கள் மகளுக்கு இங்கேயும் அதே பட்டப்பெயர்தான்) போட்டது. ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள், ஆனால் யானை வந்து இழுத்தாலும் அவிழாது. முதல் நாள் தண்ணீர் பிடிக்கப் போனவள் வழி தெரியாமல் நாலு வரிசை தள்ளி யாரோ ஓர் அணியின் கூடாரத்துக்குள் புகுந்து தூங்கிவிட்டாள். அந்தப் பெண்கள் அவளை எழுப்பாமல் போர்த்திவிட்டிருந்தார்கள். கோபப்படக்கூட முடியவில்லை.

ஏரிதான் இங்கே எல்லாவற்றிலும் உசத்தி. நடுவில் டிரம்களைக் கயிற்றால் கட்டி ஒரு மிதவை போட்டிருக்கிறார்கள். தரையில் ஆமை, தண்ணீரில் மீன். என்னைவிட அவள்தான் நன்றாக நீந்துகிறாள். கரையில் ஒரு பலகை. ஒவ்வொருவர் பெயரிலும் பிஸ்கட் அளவுக்கு ஒரு மர வில்லை தொங்குகிறது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. இறங்கும்போது சிவப்பு தெரியும்படி திருப்ப வேண்டும், ஏறி வந்ததும் வெள்ளை. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். அவளுக்கு ஜோடி நான்.

இவள் ஞாயிறும் மறந்தாள், திங்களும் மறந்தாள். விசில் அண்ணா (கரைக்குப் பொறுப்பானவர், கழுத்தில் எப்போதும் விசில்) சிவப்பைப் பார்த்ததும் ஊதிவிட்டார். நாற்பது பேர் கைகோத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து நடந்து தேடினார்கள். மகாராணி கரையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்! எங்கள் அணிக்கு இரண்டு நாளும் மதிப்பெண் போச்சு. பஸ் ஜன்னல் வழியாக நீங்கள் என்னிடம் சொன்னீர்களே, "லீடரம்மா, அவ எதையாவது மறந்தா நீயே செஞ்சிடு"ன்னு. இன்றிலிருந்து நானே அவள் வில்லையையும் என்னுடையதோடு சேர்த்துத் திருப்பிவிடுகிறேன். பிரச்சினை தீர்ந்தது. கவலையை விடுங்கள், உங்கள் ஆமைக்கு நான் இருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை தீப்பந்த ஊர்வலத்தில் எங்கள் அணி முன்னால் போகிறது. வந்து கதை கதையாகச் சொல்கிறோம்.

உங்கள்
லீடரம்மா

*

மே 15

லீடரம்மாவுக்கு மாமா எழுதுவது.

இன்றைக்கு எட்டாவது நாள். அப்படியேதான் கிடக்கிறாள். மெஷின்தான் மூச்சு விடுகிறது. உள்ளே காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தா பெஞ்சு. நீ மூன்று தடவை போன் செய்தாய், மூன்று தடவையும் "எப்படி இருக்கா"ன்னு கேட்டுவிட்டு அழுதாய். இங்கே போனைக் காதில் வைத்தாலே நர்ஸ் விரட்டுகிறார். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

அழாதே அம்மா. நடந்ததை டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். மிதவைக்கு அடியில் நீந்திப் போயிருக்கிறாள், கயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. கொடியில் அவள் துண்டு காய்ந்தபடி கிடப்பதைப் பார்த்து நீ ஓடி வந்து கத்தியிருக்காவிட்டால் எனக்கு உட்கார்ந்து பார்க்க இந்த உடம்புகூட மிஞ்சியிருக்காது என்றார். தாயில்லாப் பிள்ளைக்கு நீ செய்ததை நான் எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்.

உனக்கு இரண்டு வேலை. ஒன்று, எங்கள் வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது. கதவுக்குக் கீழே விழுந்திருக்கும் தபாலையெல்லாம் ஒரு கவரில் போட்டு இந்த முகவரிக்கு அனுப்பு. மில்லிலிருந்து லீவு தாள் வந்திருக்கும்.

இரண்டாவது முக்கியம். அந்த விசில் பையன் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று கடைசி விசில் ஊதும்போது பலகையில் அத்தனையும் வெள்ளை என்று சத்தியம் செய்கிறான். தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவள் எப்படியம்மா எழுந்து வந்து திருப்புவாள்? பார்க்காமல் ஊதிவிட்டு, பிறகு இவனே திருப்பியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். ஜூன் 3 விசாரணை. நீ ஜோடி, நீதான் கடைசியாகப் பலகைக்குப் பக்கத்தில் நின்றவள். அவள் வில்லை சிவப்பாக இருந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது போதும், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா

*

மே 19

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்தது. தபால் எல்லாம் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். மூன்று உறை இருந்தது. மில்லிலிருந்து வந்தது பழுப்பு உறை. மற்ற இரண்டும் என்னவென்று நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டைத் திறந்து பெருக்கினேன். ஆமையின் மேஜைமேல் பாதி சீவின பென்சில் ஒன்று இருந்தது. மீதியைச் சீவிவிடலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். முகாமிலிருந்து வந்த அவள் துணிகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தத் துண்டை மட்டும் துவைக்கவில்லை. அது நனையவே இல்லையே மாமா.

அவள் கை சூடாக இருக்கிறதா? விரலை அசைத்தாளா? பேசினால் கேட்கும் என்று எங்கோ படித்தேன். அவளிடம் வாசல் கட்டினதைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் வாசலைக் கடைசி நாள் பிரிக்கும்போது அவள் போட்ட முடிச்சுகளை அவிழ்க்கவே முடியாமல் அறுத்தார்களாம். அதைச் சொல்லுங்கள், சிரிப்பாள்.

நீங்கள் கேட்ட வரி. மாமா, எனக்கு அன்றைக்கு நடந்தது எல்லாம் ஒரே குழப்பமாக இருக்கிறது. ஊர்வலத்துக்கு அவசரம், எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சரியாக ஞாபகம் இல்லை. தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போடக் கூடாது இல்லையா. விசில் அண்ணா நல்லவர் மாதிரிதான் தெரிந்தார். ஒரு கொரியர் கடையில் வேலை பார்க்கிறாராம். லீவு போட்டுவிட்டு முகாமுக்கு வந்திருந்தார்.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா உங்களைச் சாப்பிடச் சொன்னாள்.

லீடர்

*

மே 23

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஞாபகம் இல்லையாம்! பென்சில் ஞாபகம் இருக்கிறது, முடிச்சு ஞாபகம் இருக்கிறது, அவன் எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்பது ஞாபகம் இருக்கிறது. சிவப்பா வெள்ளையா என்பது மட்டும் மறந்துவிட்டதா? நீ பலகையைப் பார்க்காமல் ஒரு நாளும் கரையேறுகிறவள் இல்லை. உனக்கு நடக்கத் தெரியாத நாளிலிருந்தே உன்னை எனக்குத் தெரியும்.

அவனுடைய அம்மா நேற்று இங்கே வந்தாள். வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எம் புள்ள பொய் சொல்ல மாட்டான் ஐயா, அவன் சோறு திங்கறதில்ல"ன்னாள். என் பிள்ளையும்தான் பதினைந்து நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லி எழுந்து போகச் சொன்னேன். போன பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது. மெஷினை எத்தனை நாள் வைத்திருப்பது என்று டாக்டர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இதற்குக் காரணமானவன் யார் என்பது.

நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி உனக்குத் தெரியும். காகித மெஷினுக்குள் இறங்கிப் பழுது பார்க்கிற பிட்டர், சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவன் அட்டையை அவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜர் வந்தாலும் தொட முடியாது. இருபத்தாறு வருஷமாக என் அட்டையை நான்தான் மாட்டி நான்தான் கழற்றியிருக்கிறேன், அதனால்தான் இரண்டு கையும் இருக்கிறது. அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டதும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. எவனோ தொட்டிருக்கிறான். எவன் என்பதை நீ சொல்லியாக வேண்டும்.

சிவப்பு என்று எழுது. அல்லது எழுத மாட்டேன் என்று எழுது. மழுப்பாதே.

*

மே 27

மாமா,

இதோடு ஒரு பழைய உறை வைத்திருக்கிறேன். முகாம் முத்திரை குத்தின உறை, உங்கள் பெயருக்கு நான் எழுதியது. அதை முதலில் படித்துவிடுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

படித்துவிட்டீர்களா.

உங்கள் கதவுக்குக் கீழே மூன்று உறை இல்லை மாமா, நாலு இருந்தது. நாலாவது என் கையெழுத்து. நான் எழுதினதே எனக்கு மறந்துபோயிருந்தது. தரையில் குனிந்து எடுத்தபோதுதான் உள்ளே என்ன எழுதினேன் என்பது ஞாபகம் வந்தது. அப்படியே உங்கள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிரிக்காமல் என் பையில், சாரணர் ஸ்கார்ப் மடிப்புக்கு நடுவில் ஒளித்துவைத்தேன். ஒரு நாள் அடுப்புக்கிட்ட கொண்டுபோனேன். ஓரம் கருகியிருப்பது அதனால்தான். அணைத்துவிட்டேன்.

வில்லை வெள்ளையாகத்தான் இருந்தது. விசில் அண்ணா பொய் சொல்லவில்லை. நான்தான் திருப்பினேன்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு முதல் விசில் ஊதினார். ஊர்வலத்துக்குத் தயாராக வேண்டும். நான் மிதவைப் பக்கம் திரும்பி "வாடி ஆமை, நேரமாச்சு"ன்னு கத்தினேன். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். "இதோ ஒரே ஒரு தடவை"ன்னாள். பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்தேன். அவள் எப்போதும் பின்னால்தானே வருவாள். பலகைக்குப் போய் என் வில்லையைத் திருப்பினேன், கை தானாக அவளுடையதையும் திருப்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை மாமா. ஓடினேன். என் மனசு முழுக்கத் தீப்பந்தம்தான் இருந்தது. கொடிக்கிட்டப் போய்த் துவட்டிக்கொண்டு, சட்டை மாட்டி, ஸ்கார்ப் கட்டி, அது கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்புறம்தான் அவள் துண்டைப் பார்த்தேன்.

நான் மட்டும் அதைத் தொடாமல் இருந்திருந்தால் அண்ணா சிவப்பைப் பார்த்திருப்பார், உடனே நாற்பது பேர் கைகோத்து இறங்கியிருப்பார்கள். முன்னே இரண்டு தடவையும் இறங்கினார்களே, அவள் சும்மா கரையில் இருந்தபோது. நிஜமாகவே உள்ளே இருந்தபோது யாரும் இறங்கவில்லை. நான் கத்தினபோது ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

நீங்கள் எனக்கு நன்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை என்னால் வீட்டில் எங்கேயும் வைக்க முடியவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். என் வாயைப் பொத்தினாள். "அந்தப் பொண்ணுதான் அப்படிக் கிடக்கு, நீயும் போகணுமாடி? யாரும் பாக்கல இல்ல? வாயத் திறக்காத"ன்னு அழுதாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அவளைக் கேலி பண்ணிக்கொண்டே தட்டு வைக்கிறவள் அம்மா. இப்போது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதை அவளுக்குத் தெரியாமல் போஸ்ட் செய்கிறேன். ஜூன் 3 விசாரணைக்கு நானே போவேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளை மட்டும் மெஷினிலிருந்து எடுக்க விடாதீர்கள்.

நான்தான்

*

ஜூன் 6

மாமா,

பதில் வரவில்லை. தபால்காரர் மாடி ஏறும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். உங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் எங்கள் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

விசாரணைக்குப் போனேன். அம்மா கடைசியில் கூட வந்தாள், வாசல் வரைக்கும். மேஜைக்குப் பின்னால் நாலு பேர். சாரணரின் சொல் நம்பத்தக்கது என்று மூன்று விரலைத் தூக்கிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். விசில் அண்ணா எதிரில் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாலு வாரமா என்னையே நம்பலம்மா நான். பாக்காம ஊதிட்டேனோ, பாக்காம ஊதிட்டேனோன்னு"ன்னு சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ஜோடி இரண்டு பேரும் நிற்கிறார்களா என்று நான் கண்ணால் பார்த்திருக்கணும் என்றும் அவரே சொன்னார். ஸ்கார்ப்பை யாரும் கேட்கவில்லை. நானே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மாடிப்படியில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அது பரவாயில்லை. ஆமை இருக்கிறாளா என்று மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் உறவா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

திட்டியாவது எழுதுங்கள் மாமா. இருக்கிறாள் என்று ஒரு சொல் போதும்.

*

ஜூன் 14

இருக்கிறாள்.

உன் கவர் முப்பதாம் தேதி வந்தது. நீ சொன்ன வரிசையில்தான் படித்தேன். "உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள்" என்கிற முதல் வரியைப் படித்ததும் கடவுளே என்று சிரித்துவிட்டேன், தேதியைப் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் நான் செய்ததை எழுத மாட்டேன். இரண்டு வார்டு பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். நீ கைக்குக் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். இதை எழுதாமல் விட்டால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன். இரண்டு வாரம் உனக்கு எழுதப் பேனாவைத் தொடவில்லை.

அந்த இரண்டு வாரமும் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எப்படித் திட்டினாலும் கடைசியில் அந்தப் பஸ் ஜன்னலில் வந்து நின்றது. "அவ மறந்தா நீயே செஞ்சிடு." என் வாயால் சொன்னது. மில்லில் என் அட்டையை ஒருத்தனையும் தொட விட்டதில்லை. என் பிள்ளையின் அட்டையை நானே தூக்கி உன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதுவும் ஒரு பதினாலு வயசுப் பெண்ணிடம். வீட்டிலும் அதைத்தானே செய்தேன். அவள் பையை நான் அடுக்கினேன், அவள் செருப்பு வாரை நான் மாட்டினேன். அம்மா இல்லாத பிள்ளை என்று எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு, இவளுக்கு மறதி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. என்னையும்தான். அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் பையன் வேலை முடிந்ததும் பஸ் ஏறி இங்கே வந்து வராந்தாவில் உட்காருகிறான். போகச் சொன்னாலும் போவதில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, டீ குடிக்கிறோம்.

மெஷினைப் போன திங்கள் எடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். தானாக மூச்சு விடுகிறாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் தெரியவில்லை. விழிக்கலாம், விழிக்காமலே இருக்கலாம் என்கிறார்கள். எத்தனை நாள் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இனிமேல் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாமாம்.

முகாம்காரர்கள் அவளுடைய மீதிச் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் அவள் வில்லை இருந்தது. அதைக் கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறேன், சிவப்பு வெளியே தெரிகிற மாதிரி. தரை துடைக்க வருகிற அம்மாள் நேற்று துணி பட்டு அதைத் திருப்பிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிள்ளை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறாள் என்று விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிருந்து நேர் பஸ் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வா, யாருக்கும் தெரியாமல் வராதே. உறவா என்று வாசலில் கேட்டால் ஜோடி என்று சொல். அந்தத் துண்டை எடுத்து வா, துவைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாசல் கதையை நீயே சொல். எனக்கு உன் மாதிரி சொல்ல வரவில்லை.

அந்த வில்லையை மட்டும் தொடாதே. அவள் வந்து திருப்பட்டும்.

மாமா